கேடயம் எந்தத் தெருவுக்கு வரும்?

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் பள்ளிகள் முதலில் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான். தேர்ச்சி எத்தனை சதவீதம்? நூறா, நூறுக்குக் கீழா? நூறு என்றால் பள்ளி வாசலில் பிளெக்ஸ் கட்டுவார்கள். தலைமையாசிரியருக்குச் சால்வை வரும், கல்வி அலுவலரிடமிருந்து பாராட்டு வரும். நூறுக்குக் கீழே என்றால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

2024-ஆம் ஆண்டில் பிளஸ் 2 தேர்வில் 397 அரசுப் பள்ளிகளும், பத்தாம் வகுப்புத் தேர்வில் 1,364 அரசுப் பள்ளிகளும் நூறு சதவீதத் தேர்ச்சி பெற்றன. அந்த ஆண்டு ஜூன் 14 அன்று சென்னையில் நடந்த விழாவில், நூறு சதவீதத் தேர்ச்சி தந்த அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை முதலமைச்சரே பாராட்டினார். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி இதைச் சாதித்தால் அது பெருமைக்குரியதுதான். அரசுப் பள்ளி என்றாலே இளக்காரமாகப் பேசிய வாய்களுக்கு அது நல்ல பதில்.

ஆனால் நம் பகுதி வாசகர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாராட்டும் கேடயமும் எதை அளந்து தரப்படுகின்றன? ஒரு பள்ளி வந்து சேர்ந்த இடத்தையா, அது நடந்து வந்த தூரத்தையா? காலனிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரியது.

என்னென்ன விருதுகள்?

முதலில், நம் மாநில அரசு பள்ளிகளை எப்படியெல்லாம் பாராட்டுகிறது என்று பார்த்துவிடுவோம்.

தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குச் ‘சிறந்த பள்ளி’ கேடயம் இருக்கிறது. மாவட்டத்துக்கு மூன்று பள்ளிகள். 38 மாவட்டங்களுக்கும் சேர்த்து 114 பள்ளிகள். கட்டடம், மாணவர் சேர்க்கை, கற்றல் நிலை, பள்ளியின் செயல்பாடுகள் போன்றவற்றைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு முன்னாள் கல்வி அமைச்சர் பேராசிரியர் க.அன்பழகன் பெயரில் விருது வந்திருக்கிறது. சிறந்த தலைமையாசிரியர்களுக்கு அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது தரப்படுகிறது. இந்த விருதின் நல்ல அம்சம், பள்ளியின் வளர்ச்சிக்கு 10 லட்சம் ரூபாய் கிடைப்பதுதான். சான்றிதழ் சுவரில் தொங்கும். பணம் வந்தால் வகுப்பறை மாறும். ஆசிரியர்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரிலான நல்லாசிரியர் விருது ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஐ ஒட்டி வழங்கப்படுகிறது.

மத்திய அரசும் பள்ளிகளை அளக்கிறது. கழிவறை, குடிநீர், கைகழுவும் வசதி ஆகியவற்றைப் பார்த்துத் தரும் தூய்மைப் பள்ளி விருது 2016-இல் தொடங்கியது. பள்ளிக் கல்வியில் மாநிலங்களின் செயல்பாட்டை 1,000 புள்ளிகளுக்கு மதிப்பிடும் தரக் குறியீடு ஒன்றும் உண்டு. 2019-20-க்கான அந்தக் குறியீட்டில் தமிழ்நாடு, பஞ்சாப், கேரளம் ஆகியவை ஒரே உயர் தரநிலையில் இருந்தன.

ஆக, விருதுகளுக்குக் குறைவில்லை. எந்தப் பள்ளிக்கு எட்டும்படி அவற்றை வைத்திருக்கிறோம் என்பதுதான் நம் கவலை.

நூறு என்ற எண் எதைச் சொல்லவில்லை?

2017-இல் தமிழக அரசு ஒரு நல்ல முடிவை எடுத்தது. பொதுத்தேர்வில் மாநில அளவில், மாவட்ட அளவில் முதல் மூன்று இடம் என்று மாணவர் பெயரை வெளியிடும் வழக்கத்தைக் கைவிட்டது. பிள்ளைகளை வரிசைப்படுத்துவது மன அழுத்தத்தைத் தருகிறது, தனியார் பள்ளிகளின் விளம்பரத்துக்குத்தான் அது உதவுகிறது என்பதை அரசு புரிந்துகொண்டது. ஆனால் மாவட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் அந்த வரிசை நிற்கவில்லை. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி இடம் என்ற செய்தி இன்றும் முடிவு நாளில் வருகிறது. மாவட்டம் பின்தங்கினால் அழுத்தம் முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து வகுப்பாசிரியருக்கும் இறங்கும். கடைசியில் அது வகுப்பில் பின்தங்கி உட்கார்ந்திருக்கும் மாணவரின் தலையில் வந்து விழும்.

தேர்ச்சி சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்பதே அந்தக் கணக்கு. தேர்வுக்கே வராதவர்கள் அதில் சேர மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழிப்பாடத் தேர்வு நடந்த முதல் நாளன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு எழுத வரவில்லை. சட்டமன்றம் வரை பேசப்பட்ட செய்தி அது. அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் தேர்ச்சி சதவீதத்தையும் குறைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 40 பேர் சேர்ந்தார்கள். நடுவில் சிலர் நின்றுவிட்டார்கள். சிலரிடம் ‘உனக்குப் படிப்பு வராது, டிசி வாங்கிக்கொண்டு போ’ என்று சொல்லப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் 28 பேர். 28 பேரும் தேர்ச்சி. அந்தப் பள்ளிக்கு நூறு சதவீதம்; பாராட்டு நிச்சயம்.

இரண்டாவது பள்ளியிலும் 40 பேர் சேர்ந்தார்கள். ஒருவர்தான் நின்றார். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் போன பிள்ளைகளை ஆசிரியர்கள் தேடிப்போய்த் திரும்ப அழைத்துவந்தார்கள். 39 பேர் தேர்வு எழுதி 34 பேர் தேர்ச்சி பெற்றார்கள். சதவீதம் 87.18. இந்தப் பள்ளி ஆய்வுக் கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது எழுதியவர்களை விட்டுவிட்டுச் சேர்ந்தவர்களால் வகுத்துப் பாருங்கள். முதல் பள்ளி 40-க்கு 28, அதாவது 70 சதவீதம். இரண்டாவது பள்ளி 40-க்கு 34, அதாவது 85 சதவீதம். உண்மையில் அதிகப் பிள்ளைகளைக் கரை சேர்த்தது இரண்டாவது பள்ளிதான். பாராட்டு போனது முதல் பள்ளிக்கு.

நடுவில் நின்றுபோன 12 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள். நம் கிராமங்களில் அந்தக் குடும்பங்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்பதை நாம் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சிறிய பள்ளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 240 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தோற்றால் தேர்ச்சி 99.58 சதவீதம். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தோற்றால் 91.67 சதவீதம். இரண்டு இடத்திலும் தோற்றது ஒரே ஒரு பிள்ளைதான். ஆனால் பட்டியலில் முதல் பள்ளி மேலேயும் இரண்டாவது பள்ளி அடியிலும் நிற்கும்.

‘லேபர் பள்ளிக்கூடம்’ தொடங்கி இன்று வரை

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை 1,138 பள்ளிகளை நடத்துகிறது. தொடக்கப் பள்ளிகள் 833, நடுநிலைப் பள்ளிகள் 99, உயர்நிலைப் பள்ளிகள் 108, மேல்நிலைப் பள்ளிகள் 98. பள்ளிக் கல்வித்துறையின் பள்ளிகள் வேறு, இவை வேறு. ஏன் இப்படி இரண்டு துறை என்று இளைய வாசகர்கள் கேட்கலாம்.

ஊர்ப் பள்ளிக்கூடங்கள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால்தான் தனிப் பள்ளிகள் வந்தன. 1894-இல் சென்னை ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா போன்ற தலைவர்கள் கல்விக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 1920-களில் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனப் பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு அவை அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இருக்கின்றன. நம் சமூகத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் பலர் இந்தப் பள்ளிகளின் தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர்கள்தான்.

2023 மார்ச்சில் மாநில நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்படப் பல துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவிப்பு வந்தது. நம் அமைப்புகளுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. ஒரே துறையானால் ஆசிரியரும் வசதியும் சமமாகக் கிடைக்கும் என்றார்கள் சிலர். போராடிப் பெற்ற பள்ளியும் அதன் நிலமும் விடுதியும் கைநழுவிப் போகும் என்றார்கள் சிலர். அந்த விவாதத்தைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே நாம் சொல்ல வருவது வேறு.

கேடயத்துக்கான அளவுகோல்களில் ஒன்று மாணவர் சேர்க்கை. எண்ணிக்கை கூடினால் பள்ளி நன்றாக நடக்கிறது என்று பொருள். ஊர்ப் பொதுவில் இருக்கும் பள்ளிக்கு இது சரியான அளவுகோல். காலனிக்குள் இருக்கும் பள்ளிக்கு? எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் மற்றத் தெருக்காரர்கள் தம் பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டார்கள். ‘ஆதிதிராவிடர் நல’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தே ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, அந்தப் பள்ளியின் சேர்க்கை ஒரே குடியிருப்பின் பிறப்பு எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அதிலும் கொஞ்சம் வசதி வந்த வீடுகள் வேன் வரும் தனியார் பள்ளிக்குப் போய்விடுகின்றன. எஞ்சுவது ஆக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகள். ஊர் காட்டும் தீண்டாமைக்கு மதிப்பெண்ணை இழப்பது அந்தப் பள்ளியும் அதன் ஆசிரியரும். இது என்ன நியாயம்?

அமெரிக்கா தரும் இரண்டு பாடங்கள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. நிறவெறியின் சுமையைச் சுமந்த அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் வசதியான வெள்ளையர் பகுதிப் பள்ளியையும் ஒரே அளவுகோலால் எப்படி அளப்பது?

அங்கே மத்திய அரசு 1982-இல் தொடங்கிய ‘நீல ரிப்பன் பள்ளி’ விருது பல்லாண்டுகள் நடந்தது. 2025-இல்தான் அதை நிறுத்தினார்கள். அந்த விருதில் பின்னாளில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று, தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறும் பள்ளிகளுக்கு. மற்றொன்று, மாணவர் பிரிவுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியைக் குறைத்த பள்ளிகளுக்கு. அதாவது, பின்தங்கிய பிள்ளைகளை மேலே தூக்கிவிட்ட பள்ளி முதலிடப் பள்ளியோடு போட்டி போட வேண்டியதில்லை. அதற்கென்றே ஒரு கதவு திறந்திருந்தது.

2002-இல் அங்கே நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. பள்ளியின் மொத்தச் சராசரியை மட்டும் வெளியிட்டால் போதாது. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள் என்று பிரிவுவாரியாகவும் முடிவை வெளியிட வேண்டும் என்றது. நன்றாகப் படிக்கும் பாதிப் பேரின் மதிப்பெண்ணை வைத்து மீதிப் பேரை மறைக்கும் வழி அடைபட்டது.

இது முதல் பாடம். இரண்டாவது பாடம் கசப்பானது. அதே சட்டம் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, உயராத பள்ளிகளுக்குத் தண்டனை என்றது. அட்லாண்டா நகரத்தில் மதிப்பெண்கள் மளமளவென்று உயர்ந்தன. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அவை. நாடே பாராட்டியது, நகரத்தின் கல்வித் தலைவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2011-இல் மாநில அரசு நடத்திய விசாரணையில் உண்மை வெளியே வந்தது. 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியாக மாற்றியிருந்தார்கள். 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை யோசித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாமலேயே ‘தேர்ச்சி’ என்று சொல்லி மேல் வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வர வேண்டிய கூடுதல் உதவியும் வராமல் போனது. ஓர் எண்ணுக்கு மட்டும் விருதும் தண்டனையும் என்று வைத்தால், அந்த எண்ணை உண்டாக்கும் வழியைத்தான் தேடுவார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் பள்ளியில் அந்தப் பொய்யின் விலையை ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே கொடுப்பார்கள்.

நடந்த தூரத்தை அளக்க முடியுமா?

முடியும். அதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இன்று ஒவ்வொரு மாணவரின் விவரமும் ‘எமிஸ்’ தளத்தில் இருக்கிறது. எந்த வகுப்பில் சேர்ந்தார், எப்போது நின்றார், எந்தப் பள்ளிக்கு மாறினார் என்பது துறைக்குத் தெரியும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் மதிப்பிடப்படுகின்றன. ஆறாம் வகுப்புக்கு வரும்போது ஒரு வரி வாசிக்கத் தடுமாறிய பிள்ளை எட்டாம் வகுப்பில் பாடத்தைத் தானே வாசித்தால், அந்தப் பள்ளி நடந்த தூரம் அது. மூன்றாண்டு முன்பு 61 சதவீதமாக இருந்த தேர்ச்சி 70, 82 என்று ஏறினால் அதுவும் தூரம்தான். 97-இலிருந்து 100-க்குப் போன பள்ளியைப் பாராட்டும் மேடையில் இந்தப் பள்ளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

மத்திய அரசின் தரக் குறியீட்டிலேயே சமத்துவம் என்று ஒரு தனிப் பகுதி உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கும் பொதுப் பிரிவு மாணவர்களுக்கும் மொழிப்பாடத்திலும் கணிதத்திலும் எவ்வளவு இடைவெளி என்று அது கணக்கெடுத்தது. இடைவெளி குறைந்தால் மாநிலத்துக்குக் கூடுதல் புள்ளி. ஒரு மாநிலத்தை இப்படி அளக்க முடியும் என்றால் ஒரு மாவட்டத்தையும் ஒரு பள்ளியையும் அளக்க முடியாதா?

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். பள்ளியில் சாதியைக் கேட்கவே கூடாது என்கிறோம். பிறகு சாதிவாரியாகக் கணக்கு எதற்கு? பள்ளிகளில் சாதிய வன்முறையைத் தடுப்பது பற்றி நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றது. பள்ளிப் பெயர்களில் சாதியைக் குறிக்கும் சொற்களை நீக்கவும் சொன்னது. நாம் கேட்பது இதற்கு எதிரானதல்ல. வகுப்பறையில் எந்தப் பிள்ளையின் சாதியும் வெளியே தெரியக் கூடாது. ஆனால் அரசு அலுவலகத்தில், பெயர் இல்லாத மொத்தக் கணக்கில், நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். பிள்ளையை மறைக்க வேண்டிய இடமும் குறையைக் காட்ட வேண்டிய இடமும் வேறு வேறு.

மதிப்பெண்ணுக்கு வெளியே

கேடயம் தரும் முன் கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உள்ளன. கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று ஆய்வு செய்கிறார்கள். நல்லது. அதை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்கிறார்களா? 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில், தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அப்படிச் சுத்தமாகும் கழிவறையைப் பார்த்து நட்சத்திரம் கொடுத்தால் அது யாருக்குப் பெருமை?

2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், பட்டியல் சமூகப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் பள்ளி சாதித்ததும் ஒரு சாதனைதான். அதற்குத் தேர்ச்சி சதவீதத்தில் இடமில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த பட்டியல் சமூக மாணவரை, அவரோடு பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்த அந்த மாணவர் அடுத்த மே மாதம் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். 600-க்கு 469 என்று மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரண மதிப்பெண். எதைத் தாண்டி எடுத்தார் என்று தெரிந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். நம் பள்ளிகளின் கணக்கும் இப்படித்தான். எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் எவ்வளவு எடுத்தார்கள் என்று மட்டும் பார்த்தால், பாதி உண்மைதான் கிடைக்கும்.

நாம் கேட்பது என்ன?

சலுகை மதிப்பெண் கேட்கவில்லை. தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் நூறு எடுக்க வேண்டும் என்பதுதான் நம் ஆசை. கேட்பது நான்கு மாற்றங்கள்.

முதலாவது, மாவட்டத்துக்கு மூன்று கேடயம் என்றால் அதில் ஒன்றை, மூன்றாண்டுகளில் அதிகம் முன்னேறிய பள்ளிக்கு என்று ஒதுக்க வேண்டும். இரண்டாவது, தேர்ச்சி சதவீதத்தைத் தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்து அல்லாமல், அந்தப் பள்ளியில் சேர்ந்தவர்களை வைத்தும் கணக்கிட்டு இரண்டையும் வெளியிட வேண்டும். வேறு பள்ளிக்கு முறையாக மாறிப்போனவர்களைக் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவது, கழிவறை, உணவு, இருக்கை, விளையாட்டு ஆகியவற்றில் பிள்ளைகள் சமமாக நடத்தப்படுகிறார்களா என்பதற்கும் மதிப்பெண் வேண்டும். அதைப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காவது, பரிசுத் தொகை பள்ளிக்குப் போக வேண்டும். முன்னேறிக்கொண்டிருக்கும் பள்ளிக்குத்தான் அந்தப் பணம் அதிகம் பயன்படும்.

நாம் செய்யக்கூடியது என்ன?

அரசு மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் வழிகளை முதலில் பயன்படுத்துவோம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்களின் விகிதப்படி இடம் தர வேண்டும். நம் அக்காக்களும் அம்மாக்களும் அந்தக் குழுவில் பெயரளவில் இருந்து, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரக் கூடாது. கூலி வேலை நாளாக இருந்தால் கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் நின்றார்கள், ஏன் நின்றார்கள், யார் போய்ப் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மே 1 கூட்டத்தில் பள்ளி பற்றி ஒரு தீர்மானம் போட்டால், ஜூனில் பள்ளி திறக்கும் முன் அது அதிகாரிகளின் மேசைக்குப் போயிருக்கும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் கட்டணம். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேள்விகள் இவை: கடந்த ஐந்தாண்டுகளில் நம் மாவட்டத்தில் சிறந்த பள்ளிக் கேடயம் பெற்ற பள்ளிகள் எவை? அவற்றில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எத்தனை? தேர்வுக் குழு ஒவ்வொரு அளவுகோலுக்கும் கொடுத்த மதிப்பெண் என்ன? நம் ஒன்றியத்தில் ஓராசிரியர் பள்ளிகள் எவை, அவற்றில் காலனிப் பகுதியில் இருப்பவை எத்தனை? வந்த பதிலை ஊரில் நாலு பேர் பார்க்க ஒட்டி வையுங்கள்.

நன்றாக வேலை செய்யும் ஆசிரியரை நாமும் பாராட்டத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலிடத்துக் கேடயம் வராத எத்தனையோ பள்ளிகளில், ஒற்றை ஆளாக ஐந்து வகுப்பையும் இழுத்துக்கொண்டு போகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வரவில்லை என்றால் வீடு தேடி வருகிறார்கள், நோட்டுக்கும் பேனாவுக்கும் சொந்தப் பணம் போடுகிறார்கள். அவருக்குப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு துண்டு போர்த்துங்கள். அவர் பள்ளியில் என்ன மாறியது என்பதை ஒரு தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு கேடயத்துக்குப் பட்டியல் எடுக்கும்போது, அந்தப் பள்ளியின் பெயர் யார் கண்ணிலும் படாமல் போகாதிருக்க அந்தத் தாள் உதவும்.